4ஆம் எடிஷன் வார்டனை 5ஆம் எடிஷனுக்குக் கொண்டு வாறது எப்பிடி? ஆராவது செய்து பாத்திருக்கிறீங்களா?

குளக்கட்டுக்காரன்:

வணக்கம் எல்லாருக்கும். நாங்க உப்புவெளியில எங்கட வீட்டு விறாந்தையில ஞாயிறு பின்னேரங்களில டி அன்ட் டி (டஞ்சன்ஸ் அன்ட் ட்ராகன்ஸ், பகடை உருட்டிக் கதை சொல்லி விளையாடுறது) விளையாடுறனாங்கள், என்னோட சேத்து ஆறு பேர், நான்தான் டிஎம், கதையை நடத்திறவன். 5ஆம் எடிஷன், 2014 றூல்ஸ். எங்கட கதை முழுக்க ஒரு பெரிய குளத்தைச் சுத்தி, கந்தளாய்க் குளம் மாதிரி ஒண்டு, கட்டுக்குக் கீழ வயலும் ஊரும், அங்கால காடு. குளக்கோட்டன் பூதங்களை வச்சுக் குளம் கட்டின கதை கேட்டு வளந்த எங்களுக்கு குளக்கட்டைக் காவல் காக்கிற ஒரு ஆள் எண்டா உடனயே மனசில ஒரு உருவம் வந்திடும்.

என்ர மச்சான் (இஞ்ச டச்சுபே_பொடியன் எண்டு இருக்கிறவர்தான்) முந்தி 4ஆம் எடிஷனில வார்டன் விளையாடினவர். 2009 இல வந்த பிளேயர்ஸ் ஹேண்ட்புக் 2 இல இருந்த கிளாஸ் (பாத்திர வகை), ப்ரைமல் சக்தி, டிஃபெண்டர் வேலை. காடும் கல்லும் காத்தும் ஒரு மனுசனுக்குள்ள புகுந்து நிண்டு மத்தாக்களைக் காப்பாத்திற கிளாஸ். 5ஆம் எடிஷனில அது வரவேயில்லை. நான் என்ன செய்தனான் எண்டா, ஃபைட்டர் கிளாஸில ஒரு வகையான கவாலியரை எடுத்து பேரை மட்டும் மாத்திக் குடுத்தன். போன கிழமை குளக்கட்டில சண்டை. கலண்டர் தாளுக்குப் பின்பக்கம் கட்டம் கீறி, பிளேயருக்கு சோகி, எதிரிக்குப் புளியங்கொட்டை. மச்சான் கட்டுக்கு நடுவில நிக்கிறார், நாலு புளியங்கொட்டை வருது, ஒண்டுக்கு ரியாக்ஷனில (மத்தாக்களின்ர டேர்னில, ரவுண்டுக்கு ஒருக்கா மட்டும் செய்யக்கூடியது) அடிச்சார், மிச்சம் மூண்டும் அவரைச் சுத்திக்கொண்டு போய் பின்னால நிண்ட எங்கட விசார்டை விழுத்திப் போட்டுது. மச்சான் ஒண்டும் சொல்லேல்லை, ஆனா சோகியைக் கையில எடுத்து உருட்டிக்கொண்டு இருந்த விதத்தைப் பாக்க எனக்கு நெஞ்சுக்குள்ள என்னவோ செய்துது. 4ஆம் எடிஷனில அவரைத் தாண்டி ஆரும் அப்பிடிப் போகேலாது.

எனக்கு இதைச் சரியாச் செய்ய வேணும். ஒரு ரியாக்ஷனை வச்சுக்கொண்டு நாலு பேரை எப்பிடி மறிக்கிறது? 4ஆம் எடிஷனில ரவுண்டுக்கு எத்தினை தரம் வேணுமெண்டாலும் பிடிக்கலாம் தானே?

மருதடி_அக்கா:

தம்பி, முதல்ல உங்கட கடைசி வசனத்தைத் திருத்துறன், ஏனெண்டா அதில பிழைச்சா மிச்சம் எல்லாம் பிழைக்கும். 4ஆம் எடிஷனிலயும் இமீடியட் அக்ஷன் (மத்தாக்களின்ர டேர்னுக்கு இடையில செய்யிறது) ரவுண்டுக்கு ஒண்டுதான். வார்டனிட்ட ரெண்டு தண்டனை இருந்தது, வார்டன்ஸ் ஃபியூரி, வார்டன்ஸ் க்ராஸ்ப், ரெண்டும் இமீடியட், அதால ஒரு ரவுண்டில ரெண்டில ஒண்டைத்தான் பாவிக்கலாம். வித்தியாசம் எங்க எண்டா ஒப்பர்ச்சூனிட்டி அட்டாக் (தாண்டி ஓடுற ஆளுக்கு அடிக்கிறது) அங்க தனிக் கணக்கு. ஒவ்வொரு எதிரியின்ர டேர்னிலயும் ஒண்டு அடிக்கலாம். அதால நாலு பேர் தாண்டி ஓடினா நாலு பேருக்கும் அடி விழும், அதுக்கு மேல ஒராளுக்கு ஃபியூரியோ க்ராஸ்போ. 5ஆம் எடிஷன் இதெல்லாத்தையும் ஒரே ரியாக்ஷன் எண்ட ஒரு சாக்குக்குள்ள போட்டுக் கட்டீற்றுது. உங்கட மச்சானுக்கு இழந்து போனது அந்தத் தனிக் கணக்குத்தான்.

மார்க் பண்ணுறதும் (எதிரி எங்களை விட்டுட்டு வேற ஆளை அடிச்சாக் கஷ்டம் வாற மாதிரிக் குறி வைக்கிறது) அப்பிடித்தான். ஃபைட்டர் அடிச்சாத்தான் மார்க். வார்டன் அடிக்கவே தேவையில்லை, தன்ர டேர்னில ஒருக்கா, ஃப்ரீ அக்ஷனா, தனக்குப் பக்கத்தில நிக்கிற எல்லாரையும் மார்க் பண்ணலாம். பேர் நேச்சர்ஸ் ரோத். நான் அந்த எடிஷனை மூண்டு வருசம் விளையாடினனான், பக்கத்தில நிக்கிற எல்லாருக்கும் சோடா மூடியைக் கீழ வைக்கிறதுதான் என்ர டேர்னின்ர முதல் வேலை. கவாலியரில அந்த உணர்வு வராது, அது குதிரைக்காரன், ஒராளைப் பாத்து சவால் விடுறவன். வார்டன் நிக்கிற இடமே சவால்.

கச்சான்காத்து:

அக்கா சொன்னது விளங்குது, ஆனா புதுசா ஒரு முழுக் கிளாஸ் எழுத வேணுமா? 2024 பிளேயர்ஸ் ஹேண்ட்புக்கில பார்பேரியனுக்கு வேர்ல்ட் ட்ரீ எண்டு ஒரு பாதை இருக்கு, ஆறாம் லெவலில ப்ராஞ்சஸ் ஒஃப் த ட்ரீ, 30 அடிக்குள்ள டேர்னைத் தொடங்கிற ஆளை ரியாக்ஷனால பக்கத்தில இழுத்து ஸ்பீடை 0 ஆக்கலாம், பத்தாம் லெவலில வேர் முளைச்ச ஆயுதம் 10 அடி கூட எட்டும். இது வார்டன்தானே, பேர் மட்டும் வேற. 2014 தான் வேணும் எண்டா ஓத் ஒஃப் த ஏன்ஷியன்ட்ஸ் பலடின் இருக்கு, சனல் டிவினிட்டியில கொடி வந்து ஆளைக் கட்டும், அதுக்குப் பேரே நேச்சர்ஸ் ரோத். வார்டனிட்ட இருந்து எடுத்த பேர் மாதிரித்தான் கிடக்கு. அன்செஸ்ட்ரல் கார்டியன் பார்பேரியனும் இருக்கு, 2017 இல வந்தது, முதல் அடி விழுந்த ஆள் வேற ஆரையும் அடிச்சா டிஸ்அட்வான்டேஜ் (இருபது முகப் பகடையை, டி20 ஐ, ரெண்டு தரம் உருட்டிக் குறைஞ்சதை எடுக்கிறது). கலந்து கட்டினாப் போதும் எண்டு நினைக்கிறன்.

டச்சுபே_பொடியன்:

நான்தான் அந்த மச்சான். வேர்ல்ட் ட்ரீ நல்லது, நான் வாசிச்சனான். ஆனா பார்பேரியனை ஓட்டுறது கோவம். ரேஜ் போட்டாத்தான் அநேகமா எல்லாம் வேலை செய்யும். எனக்கு வேண்டியது கோவப்படாத ஆள்.

சின்னனில அப்பப்பாவோட கிண்ணியாப் பக்கம் உப்பாறில நண்டு பிடிக்கப் போறனான். கண்டல் வேருக்குள்ள இறங்கினா முதல்ல செருப்பு போகும், பேந்து கால் கணுக்கால் வரைக்கும் போகும், இழுத்தா இன்னும் இறுக்கும், அவசரப்பட்டாத்தான் விழுவம். அப்பப்பா சொல்லுவார் மெதுவா நிமித்திப் பாதத்தை எடு எண்டு. அந்தச் சேறு எங்களில கோவிக்கேல்லை, நோகவும் பண்ணேல்லை, போக விடேல்லை அவ்வளவுதான். 4ஆம் எடிஷனில க்ராஸ்பை வாசிச்ச உடன எனக்கு உப்பாறுதான் ஞாபகம் வந்தது. மார்க் பண்ணின ஆள் என்னை விட்டுட்டு வேற ஆரையும் அடிச்சா 5 கட்டத்துக்குள்ள இருந்தா நான் அவனை ஒரு கட்டம் நகத்தலாம், பேந்து அவன் ஸ்லோ, ஷிஃப்ட் (அடி வாங்காம நழுவுறது) பண்ணேலாது. டமேஜ் ஒண்டும் இல்லை. டமேஜ் இல்லாத தண்டனையை நான் வேற எந்தக் கிளாஸிலயும் இவ்வளவு விரும்பினதில்லை.

கிண்ணியா_நானா:

அஸ்ஸலாமு அலைக்கும், எல்லாருக்கும். உப்பாறு எங்கட வீட்டுக்குக் கிட்டத்தான் தம்பி, நீங்க சொன்ன சேறு எனக்கு நல்லாத் தெரியும் 🙂

நான் கணக்கை மட்டும் பாக்கிறன்.

மார்க் எண்டா 4ஆம் எடிஷனில மைனஸ் 2. அதை டிஸ்அட்வான்டேஜ் ஆக்கினாப் பெரிய பாய்ச்சல். எதிரிக்கு 11 உருட்ட வேணும் எண்டு வைங்க, 50 சதவீதம் படும், டிஸ்அட்வான்டேஜில 25 சதவீதம், அதாவது மைனஸ் 5 போட்ட மாதிரி. ஒராளுக்கு எண்டாப் பரவாயில்ல, பக்கத்தில நிக்கிற எல்லாருக்கும், இலவசமா, ஒவ்வொரு ரவுண்டும் எண்டா டிஎம் அழுதிருவார். நேரா மைனஸ் 2 போட்டா 5ஆம் எடிஷன் மாதிரி இருக்காது. ஆனா பேன் எண்ட ஸ்பெல் இருக்குத்தானே, அட்டாக் ரோலில டி4 (நாலு முகப் பகடை) கழியும், சராசரி 2.5. கிட்டத்தட்ட பழைய மார்க்கேதான். அதால மார்க் பண்ணின ஆள் வார்டனைச் சேக்காம வேற ஆரையும் அடிச்சா டி4 கழியட்டும். அந்த டி4 ஐ வார்டன் விளையாடுற ஆள் தன்ர கையால உருட்டட்டும், டிஎம் உருட்ட வேணாம். தோழனுக்கு விழ இருந்த அடி தன்ர உருட்டில தவறினா அந்தச் சந்தோசம் அவருக்குத்தான் சேர வேணும்.

ரெண்டாவது, தாண்டி ஓடுறது. ரியாக்ஷனைக் கூட்டிக் குடுக்காதீங்க, மேசை மெதுவாப் போயிடும், கவாலியருக்கே அந்தத் தனி ரியாக்ஷன் 18ஆம் லெவலிலதான் கிடைக்குது. நிலத்தைப் பிடிக்க விடுங்க. வார்டனைச் சுத்தி 5 அடி எதிரிக்கு மட்டும் டிஃபிகல்ட் டெரெய்ன் (ஒவ்வொரு அடிக்கும் ரெண்டு அடி ஸ்பீட் செலவாகிற நிலம்) எண்டு போடுங்க. குளக்கட்டு ரெண்டு கட்டம் அகலம் எண்டா எதிரி அவருக்கு முன் கட்டம், பக்கத்துக் கட்டம், பின் கட்டம், மூண்டையும் மிதிச்சுத்தான் போகணும். 15 அடி, டபுள் கணக்கில 30 அடி. சாதாரண ஆளுட ஸ்பீட் 30. முழு ஓட்டமும் முடிஞ்சு இன்னும் வார்டனுக்குப் பக்கத்திலயேதான் நிப்பான். டாஷ் (ரெண்டு மடங்கு ஓட்டம்) போட்டாத் தப்புவான், ஆனா அந்த டேர்னில அடிக்க மாட்டான். ரியாக்ஷன் ஒண்டும் செலவில்லை.

குளக்கட்டுக்காரன்:

நானா, இதை வாசிச்சுப் போட்டு எழும்பிப் போய் கலண்டர் தாளை எடுத்துப் புளியங்கொட்டையை நகத்திப் பாத்தன். சரியா மூண்டாம் கட்டத்தில நிண்டுட்டுது. பழைய வார்டனிலயும் பனி பரப்பிற ஒரு வடிவம் இருந்தது, அது சுத்தியிருந்த நிலத்தை எதிரிக்குக் கஷ்டமாக்கும், அதால இது புதுசாப் புகுத்தினது மாதிரியும் தெரியாது.

பறக்கிறதுகளுக்கு என்ன செய்யுறது?

மருதடி_அக்கா:

பறக்கிறது பறக்கட்டும். எல்லாத்தையும் மறிக்கிற காவல் எண்டு ஒண்டு இல்லை, அங்கதான் மத்த பிளேயர்களுக்கு வேலை. ஆனா க்ராஸ்ப் பறக்கிறதுக்கும் வேலை செய்யட்டும், வேர் மேல எழும்பிப் பிடிக்கட்டும். 5ஆம் எடிஷனில இப்பிடி எழுதலாம்: மார்க் பண்ணின ஆள் 30 அடிக்குள்ள நிண்டு உங்களைச் சேக்காம அடிச்சா, ரியாக்ஷன், அவனை 5 அடி நகத்துங்கோ, அவன்ர அடுத்த டேர்ன் முடியுமட்டும் ஸ்பீட் பாதி, டிஸ்எங்கேஜ் பண்ணேலாது. ஷிஃப்ட் எண்ட சொல்லு இப்ப இல்லை, அந்த இடத்தில டிஸ்எங்கேஜ்தான் வரும். ஃபியூரி எண்டா பக்கத்தில நிக்கிற மார்க் பண்ணின ஆளுக்கு ஒரு அடி, பட்டா அவனில அடுத்து விழுற ஒரு அட்டாக்குக்கு அட்வான்டேஜ் (ரெண்டு தரம் உருட்டிக் கூடினதை எடுக்கிறது). பழையதில முழு ரவுண்டும் எல்லாருக்கும் கொம்பட் அட்வான்டேஜ், அது வெறும் பிளஸ் 2, அதால தாங்கினது. இப்பத்தைய அட்வான்டேஜை அப்பிடி அள்ளிக் குடுக்கேலாது. பழையதில ஃபியூரி இன்டரப்ட், அடி விழ முதலே நீங்க அடிப்பீங்க. அதை அப்பிடியே வச்சிருங்கோ, றூலில தெளிவா “அடி உருட்ட முதல்” எண்டு எழுதுங்கோ, இல்லாட்டி ஒவ்வொரு கிழமையும் வாக்குவாதம்.

இப்ப எனக்கு மனசுக்குக் கிட்டின விசயத்துக்கு வாறன், ஃபொன்ட் ஒஃப் லைஃப். வார்டன் தன்ர டேர்ன் தொடக்கத்திலயே ஒரு சேவிங் த்ரோ (பிடிச்சிருக்கிற கட்டில இருந்து விடுபட உருட்டுறது) போடுவார், மத்தாக்கள் டேர்ன் முடிவிலதான். ஸ்டன் பண்ணிக் கிடந்தாலும் எழும்பி நிக்கிற ஆள். இதைக் கனபேர் 5ஆம் எடிஷனுக்குக் கொண்டு வரேக்க “டேர்ன் தொடக்கத்தில திரும்ப சேவ் போடு” எண்டு எழுதி விட்டிடுவினம். ஆனா பழைய சேவிங் த்ரோவுக்கு எபிலிட்டி ஒண்டும் இல்லை, டி20 உருட்டு, 10 அல்லது கூட வந்தா விடுதலை, 55 சதவீதம், எல்லாருக்கும் ஒண்டுதான். 5ஆம் எடிஷனில ஹோல்ட் பேர்சன் (ஆளை அசையாமக் கட்டுற மந்திரம்) விழுந்தா விஸ்டம் சேவ், வார்டனுக்கு விஸ்டம் குறைவெண்டா அந்தத் திரும்பப் போடுறதில ஒரு பிரியோசனமும் இல்லை. யோசிச்சுப் பாருங்கோ, அந்தப் பழைய உருட்டு 5ஆம் எடிஷனில இன்னும் ஒரு இடத்தில உயிரோட இருக்கு. டெத் சேவ்! 10 அல்லது கூட. செத்துப்போகாம இருக்கிறதுக்கு எண்டு வச்சிருக்கிற உருட்டையே வார்டனுக்கு எழும்பி நிக்கிறதுக்குக் குடுங்கோ. திரும்ப சேவ் போட அனுமதிக்கிற எந்தக் கட்டும் அவரில இருந்தா, டேர்ன் தொடக்கத்தில வெறும் டி20, 10 அல்லது கூட, விடுபடும். நான் ஒருக்கா இரவு ஒரு மணிக்கு இதை யோசிச்சுப் போட்டு நித்திரையே கொள்ளேல்லை.

கச்சான்காத்து:

அக்கா, டெத் சேவ் விசயம் கேட்ட உடன நான் என்ர கட்சியை மாத்துறன். வேர்ல்ட் ட்ரீயால இதைச் செய்யேலாது.

ஹிட் டை (ஹிட் பாயிண்ட், அதான் உயிர்க் கணக்கு, அதுக்கு உருட்டுற பகடை) என்ன? டி10 தானே?

கிண்ணியா_நானா:

டி12. பழைய வார்டன் முதல் லெவலில 17 கூட்டல் கொன்ஸ்டிடியூஷன், ஃபைட்டர் 15 கூட்டல். ஃபைட்டரை விடக் கூடத்தான் இருந்தது, அந்த இடைவெளி இருக்கணும்.

ஏசிக்கு (அடி பட எதிரி எட்ட வேண்டிய எண்), ஹைட் ஆர்மர் 12, டெக்ஸுக்குப் பதிலா கொன்ஸ்டிடியூஷன் அல்லது விஸ்டம், பழையதில எர்த் ஸ்ட்ரெங்த், வைல்ட்பிளட் எண்டு ரெண்டு வகை இருந்ததுதானே. கொன் 16 எண்டா 12, 3, கேடயம் 2, மொத்தம் 17. செயின் மெயிலும் கேடயமும் போட்ட ஃபைட்டர் 18. கடைசியில கொன் 20 ஆனா 19, பிளேட் போட்டவர் 20. எப்பவும் ஒண்டு குறைவு. சரியா இருக்கும்.

கச்சான்காத்து:

வடிவங்களுக்கு, பழையதில டெய்லி பவர்தானே கார்டியன் ஃபோர்ம். எங்கட கதை இஞ்சத்தையக் கதை எண்டபடியால் வில்லோவும் பனியும் வேண்டாம். குளக்கட்டில வைரவர் சூலம் இருக்கும், வைரவர் வடிவம் எண்டு ஒண்டு போட்டா என்ன?

மருதடி_அக்கா:

தம்பி, அதை மட்டும் வேண்டாம். நான் வைரவருக்கு வடைமாலை சாத்திற வீட்டில வளந்தனான். அவருக்கு ரவுண்டுக் கணக்கும் டமேஜும் எழுத எனக்கு மனம் வராது, மேசையில இருக்கிற எல்லாருக்கும் அது ஒரே மாதிரியும் இராது. மரம், காத்து, தண்ணி, இதுகள் எல்லாருக்கும் பொது.

கிண்ணியா_நானா:

அக்கா சொல்றது சரி. கண்டல் எல்லாருக்கும் கண்டல்தான்.

கச்சான்காத்து:

மன்னிச்சுக்கொள்ளுங்கோ அக்கா, நான் அவ்வளவு யோசிக்கேல்லை. அப்ப இப்பிடி வைப்பமா. கண்டல் வடிவம், சுத்தியிருக்கிற டிஃபிகல்ட் டெரெய்ன் 10 அடியாகும், தண்ணிக்குள்ளயும் வேலை செய்யும். வாடை வடிவம், மார்கழி வாடைக்காத்து, ஒவ்வொரு டேர்னும் ஒராளை 10 அடி தள்ளலாம், அம்பு எறியிறவைக்கு டிஸ்அட்வான்டேஜ். மருது வடிவம், ஆத்தங்கரையில நிக்கிற மருது மாதிரி, தள்ளேலாது விழுத்தேலாது, வெட்டுக்கும் குத்துக்கும் ரெசிஸ்டன்ஸ். நாலாவது கன்னியா வெந்நீர், பக்கத்தில டேர்னைத் தொடங்கிற தோழனுக்கு டெம்பரரி ஹிட் பாயிண்ட். கன்னியாவில ஏழு கிணறும் ஏழு விதச் சூடு, அதால ஒவ்வொரு லெவல் கட்டத்திலயும் சூடு கூடுற மாதிரி டையைக் கூட்டலாம், டி4 இல தொடங்கி.

மருதடி_அக்கா:

இது வடிவு தம்பி. பழையதில வடிவத்துக்கு மாறுறது மைனர் அக்ஷன், அதால போனஸ் அக்ஷன். சண்டை முடியும் வரைக்கும் எண்டதை 1 நிமிசம் எண்டு மாத்துங்கோ. கொன்சன்ட்ரேஷன் வேண்டவே வேண்டாம், அடி வாங்கிறதுதான் இந்த ஆளின்ர தொழில், அடி விழேக்க எல்லாம் வடிவம் கலையுமோ எண்டு சேவ் போட்டுக்கொண்டு இருக்கேலாது. மூண்டாம் லெவலில லோங் ரெஸ்டுக்கு ரெண்டு தரம். வடிவத்துக்குள்ள நிக்கேக்க ஒருக்கா மட்டும் ஒரு பெரிய அடி, பழையதில அப்பிடித்தான் இருந்தது, அதை எடுத்துப் போடாதைங்கோ, எப்ப அடிக்கிறது எண்டு காத்துக்கொண்டு இருக்கிறதில ஒரு சுகம் இருக்கு.

இன்னொண்டு. எழுதி முடிச்சு இஞ்ச பிடிஎஃப் போடுறதெண்டா பழைய புத்தக வசனத்தை அப்பிடியே பேக்காதைங்கோ. 2023 தைமாசம் 5.1 எஸ்ஆர்டியை (ஆரும் பாவிக்க விட்ட றூல்ஸ் தொகுப்பு) கிரியேட்டிவ் கொமன்ஸில விட்டவை, அதில இருக்கிறதைத் தாராளமாப் பாவிக்கலாம், ஆனா வார்டன் அதுக்குள்ள இல்லை. எங்கட சொல்லில எழுதுங்கோ. பேரையும் மாத்தினா நல்லம், வார்டன் எண்டா எங்கட சனத்துக்கு ஹொஸ்டல் வார்டன்தான் ஞாபகம் வரும். நிலக்காவலன் எண்டு வைப்பம்.

குளக்கட்டுக்காரன்:

ரெண்டு கிழமையாப் பதில் போடாததுக்கு மன்னிப்பு. நேத்து விளையாடினம். அஞ்சாம் லெவல், அதே குளக்கட்டு, அதே கலண்டர் தாள், இந்த முறை எட்டுப் புளியங்கொட்டை. மழை, ஏழரைக்குக் கரண்டும் போட்டுது, லாம்பு வெளிச்சத்தில விளையாடினம். கட்டு உடைய முதல் ஊர்ச்சனம் வயலுக்கால மேட்டுக்கு ஏற வேணும், அஞ்சு ரவுண்ட்.

முதல் மூண்டு ரவுண்டும் நான் டிஎம் ஆ என்ன செய்தும் தாண்டேலாமப் போச்சு. டாஷ் போட்டு ரெண்டு பேர் போனது, அதுகளை ரேஞ்சர் பாத்துக்கொண்டா. பாதகமாப் போனது ஒண்டு, டிஃபிகல்ட் டெரெய்னையும் மார்க்கையும் சேத்து ஞாபகம் வச்சிருக்க எனக்கு ஏலாமக் கிடந்தது, சோடா மூடி ஐடியா இல்லாட்டி குழம்பியிருப்பன். மிச்சத்தை மச்சானே எழுதட்டும்.

டச்சுபே_பொடியன்:

நாலாம் ரவுண்டில அவையின்ர மந்திரவாதி எனக்கு ஹோல்ட் பேர்சன் போட்டார். நான் தோத்தன். எனக்குப் பக்கத்தில அஞ்சு மூடி, அசைய ஏலாது, அசையாட்டி மார்க் இல்லை, அஞ்சு பேரும் போயிடுவினம். அவையின்ர டேர்னில 41 ஹிட் பாயிண்ட் போச்சு, 6 மிச்சம்.

என்ர டேர்ன் வந்தது. வெறும் டி20. என்ர விஸ்டம் 10, சாதாரண சேவ் எண்டா 15 வேணும். லாம்புக்குக் கிட்டப் பிடிச்சுப் பாத்தம், 11.

ஒராளும் கத்தேல்லை. ரேஞ்சர் விளையாடுற தங்கச்சி மட்டும் அந்த மூடியளை ஒண்டொண்டா எடுத்துத் தந்தா, நான் அஞ்சு புளியங்கொட்டைக்கும் கீழ திரும்ப வச்சன். கண்டல் வடிவம் எடுத்தன். அஞ்சாம் ரவுண்டில விசார்டுக்கு வந்த அடி, என்ர டி4 இல 3, ஒண்டால தவறிச்சு. சனம் மேட்டில ஏறீற்றுது. பிறகு நான் விழுந்தன், அது பரவாயில்லை.

நானா, ஒண்டு கேக்க வேணும். நான் ஹோல்டில கிடக்கேக்க நிலம் டிஃபிகல்டா இருந்ததா இல்லையா எண்டு டிஎம் மச்சான் அந்த இடத்தில யோசிச்சு “இருக்கு” எண்டு தீர்ப்புச் சொன்னவர். அது சரியா?

கிண்ணியா_நானா:

என்ட கருத்து, இன்காபசிடேட் (ஒண்டும் செய்ய ஏலாத நிலை) ஆனா நிலம் விட்டிரணும். பலடின்ட ஓராவும் (அவரைச் சுத்தி இருக்கிற பாதுகாப்பு) மயங்கினா நிண்டு போகும்தானே.

மருதடி_அக்கா:

நானா, நான் ஒத்துக்கொள்ளேல்லை. பலடினின்ர ஓரா அவரின்ர மனசில இருந்து வாறது, அதால நினைவில்லாட்டி நிண்டு போகும். இது நிலம். ஆள் கட்டுண்டு கிடந்தாலும் சேறு சேறுதான். ஹிட் பாயிண்ட் 0 ஆனா விடட்டும், அதுவரைக்கும் பிடிக்கட்டும். மார்க் நிண்டு போறதே போதிய தண்டனை.

குளக்கட்டுக்காரன்:

அக்கா சொன்னபடி எழுதிக்கொள்ளுறன், வாற ஞாயிறு ஏழாம் லெவலில நானாவின்ர மாதிரியும் ஒருக்கா விளையாடிப் பாத்துப்போட்டு ரெண்டையும் இஞ்ச போடுறன். நானா, பின்னேரம் நாலு மணிக்கு உப்புவெளிக்கு வர ஏலுமா? ஒரு கதிரை கூடப் போட்டு வைக்கிறன்.

கிண்ணியா_நானா:

இன்ஷா அல்லாஹ் வாறன். சோடா மூடி நான் கொண்டு வாறன்.